காம்போசிட் பாகத்துக்குப் பரப்புக் கிரிட்: முதல் கோட்டிலிருந்து பிளை வரை

காம்போசிட் பலகை என்பது பிசின் தோய்ந்த இழைத் தாள்களை (பிளைகளை) அடுக்கி வேகவைத்துச் செய்வது. பெரிய பலகையைப் பிளை பிளையாகக் கையால் வரைந்தால், ஒரு ரிப் (பலகையைக் குறுக்கே தாங்கும் சட்டம்) 20 மி.மீ. நகர்ந்தாலே பாதி பிளைகளின் விளிம்பைத் திரும்ப வரைய வேண்டிவரும். கிரிட் முறையில் பரப்பைச் செல்களாகப் பிரித்து, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு லேமினேட்டை, அதாவது ஒரு பிளை அடுக்கைக் கொடுத்துவிடுகிறோம். பிளை விளிம்புகளை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். ரிப் நகர்ந்தால் விளிம்புகளும் கூடவே நகரும்.

ஆனால் அப்படி நகர்வதற்குக் கிரிட் சரியான வரிசையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பரப்பைத் திறந்ததும் கோடு போடத் தொடங்கிவிடுகிறார்கள். கோடு எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சரிவின் நீளம், அதாவது பிளைகள் ஒவ்வொன்றாக முடிந்து தடிமன் இறங்கும் பகுதியின் நீளம். அந்த நீளத்தைத் தீர்மானிப்பது பிளையின் தடிமனும் சுமையின் திசையும். எனவே கணக்கை முடித்துவிட்டுக் கோட்டுக்கு வரவேண்டும்.

காட்டியா, ஃபைபர்சிம் போன்ற மென்பொருள்களில் கட்டளைப் பெயர்கள் வேறுபடும். செய்ய வேண்டிய வேலையும் அதன் வரிசையும் ஒன்றுதான். வழி முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். பலகை 1200 × 600 மி.மீ. நீளவாக்கில் 300, 600, 900 மி.மீ. தொலைவுகளில் மூன்று ரிப்கள். அகலவாக்கில் 200, 400 மி.மீ. தொலைவுகளில் இரண்டு ஸ்ட்ரிங்கர்கள் (நீளவாக்கில் ஓடும் விறைப்புச் சட்டங்கள்). மொத்தம் 12 செல்கள். முதன்மைச் சுமை நீளவாக்கில் போகிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வெந்து இறுகிய பிளையின் தடிமன். சுருளில் வரும்போது இருக்கும் தடிமன் அல்ல. நம் எடுத்துக்காட்டில் இது 0.2 மி.மீ.

சரிவு விகிதம், அதாவது 1 மி.மீ. தடிமன் இறங்க எத்தனை மி.மீ. நீளம் என்பது. சுமை திசையில் 1:20, சுமைக்குக் குறுக்கே 1:10 என்பது பரவலாகப் புழங்கும் தொடக்க மதிப்பு. உங்கள் திட்டத்துக்கென்று வடிவமைப்பு விதிநூல் இருந்தால் அதில் சொன்னதுதான் விதி.

ரிப், ஸ்ட்ரிங்கர் இவற்றின் பாத அகலம், அதாவது பலகைமேல் அமரும் பகுதியின் அகலம். ரிப் பாதம் 60 மி.மீ., ஸ்ட்ரிங்கர் பாதம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அழுத்தக் கணக்குக் குழுவிடமிருந்து (பாகம் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடுபவர்கள்), எந்தப் பகுதிக்கு எந்தத் திசையில் எத்தனை பிளை என்ற அட்டவணை. இது முழுமையாக வராவிட்டாலும் தொடங்கலாம். ஆனால் மிகத் தடித்த பகுதியும் மிக மெல்லிய பகுதியும் எவை என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். சரிவின் அதிகபட்ச நீளம் இந்த இரண்டின் வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

2. அடிப் பரப்பைச் சோதித்தல்

பிளை முதலில் படியும் அச்சுப் பரப்பையே அடிப் பரப்பாக எடுங்கள். உள்பக்கப் பரப்பு தடிமனைப் பொறுத்து மாறக்கூடியது. அதன்மேல் கிரிட் கட்டினால், தடிமன் மாறும்போதெல்லாம் கிரிட்டும் மாறி, அதிலிருந்து தடிமன் மறுபடி மாறி, சுற்றிக்கொண்டே இருக்கும்.

பரப்பு ஒரே துண்டாக இருக்க வேண்டும். பல துண்டுகளை இணைத்து உருவாக்கியிருந்தால் இணைப்பில் இடைவெளியும் தொடுகோட்டு முறிவும் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டியாவில் ஜாயின் கட்டளையின் இயல்பான இணைப்பு இடைவெளி 0.001 மி.மீ. ‘இணையவில்லை’ என்று பிழை வந்ததும் அந்த எண்ணைப் பெரிதாக்கிச் சமாளிப்பது கெட்ட பழக்கம். இடைவெளி மறைவதில்லை, கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவே. பிறகு அந்த இடத்தைக் கடக்கும் பிளையின் விளிம்பு அறுபட்டு வரும். காரணத்தை யாரும் இணைப்பில் தேடமாட்டார்கள்.

பரப்பு பாகத்தின் இறுதி விளிம்போடு நின்றுவிடக் கூடாது. வெட்டி எறியும் உபரிப் பகுதியையும் தாண்டி எல்லாப் பக்கமும் நீண்டிருக்க வேண்டும். பின்னால் உற்பத்தி விளிம்பை உருவாக்கும்போது பிளைகள் வெளிநோக்கி நீள இடம் தேவை.

இன்னொன்று, பரப்பின் செங்குத்துத் திசை. அது பிளை அடுக்கப்படும் பக்கம் நோக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் +45, −45 இரண்டும் இடம் மாறும். சமநிலையான (+45-உம் −45-உம் சம எண்ணிக்கையில் உள்ள) லேமினேட்டில் எண்ணிக்கை மாறாது என்பதால் அட்டவணைச் சோதனையில் இது சிக்காது. தொழிற்கூடத்தில் போய்த்தான் தெரியும்.

3. ரோசெட்டை நிறுத்துதல்

ரோசெட் என்பது பரப்பின்மேல் வைக்கும் திசைக்குறி அச்சு. எல்லா இழைக் கோணங்களும் அதிலிருந்து அளக்கப்படுகின்றன. 0 பாகை எங்கே நோக்குகிறது என்பதை அழுத்தக் கணக்கின் அச்சோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். பெயரைப் பார்த்து ஒப்பிட்டால் போதாது. திரையில் இரண்டையும் ஒரே இடத்தில் காட்டிப் பாருங்கள்.

தட்டையான பரப்பில் ஒரு ரோசெட் போதும். வளைந்த பரப்பில் அந்தத் திசை பரப்பின் மற்ற இடங்களுக்கு எப்படிக் கடத்தப்படுகிறது என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்: நிலையான அச்சை அந்தந்த இடத்தில் பரப்பின்மேல் வீழ்த்துவது ஒரு வழி, வழிகாட்டி வளைவு ஒன்றைப் பின்தொடர்வது இன்னொரு வழி. கூம்பி வரும் இறக்கைத் தோல் போன்றவற்றில் இரண்டும் வெவ்வேறு கோணம் தரும். கிரிட் முடிந்த பிறகு இதை மாற்றினால் எல்லாச் செல்லின் கோணமும் மாறும். அதனால்தான் கோடுகளுக்கு முன்பே இந்தப் படி வருகிறது.

4. சரிவுக் கணக்கு

மென்பொருளைத் தொடாமல் தாளில் செய்ய வேண்டிய வேலை இது. நடுவரிசையின் இரண்டு நடுச்செல்கள், அதாவது ரிப் 1-இலிருந்து ரிப் 3 வரை, ஸ்ட்ரிங்கர் 1-இலிருந்து ஸ்ட்ரிங்கர் 2 வரை, 24 பிளை. சுற்றியுள்ள 10 செல்கள் 16 பிளை. வித்தியாசம் 8 பிளை, 1.6 மி.மீ.

ரிப் கோட்டைக் கடக்கும்போது நீளவாக்கில் நகர்கிறோம், சுமையும் நீளவாக்கில்தான். எனவே ரிப் கோட்டில் 1:20. ஒரு பிளை முடிவது ஒரு படி. படிக்கு 4 மி.மீ., எட்டுப் படிக்கு 32 மி.மீ. ஸ்ட்ரிங்கர் கோட்டைக் கடப்பது சுமைக்குக் குறுக்கே. அங்கே 1:10, படிக்கு 2 மி.மீ., மொத்தம் 16 மி.மீ.

பலரும் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். ஸ்ட்ரிங்கர் சுமை திசையில் ஓடுகிறது, ஆகவே ஸ்ட்ரிங்கருக்கு 1:20 என்று எண்ணிவிடுவதே காரணம். பார்க்க வேண்டியது கோடு ஓடும் திசையை அல்ல, அந்தக் கோட்டைத் தாண்டும்போது தடிமன் எந்தத் திசையில் மாறுகிறது என்பதை.

அடுத்து, சரிவு எங்கே தொடங்குகிறது? ரிப் பாதம் சரிவின்மேல் உட்காரக் கூடாது; ஆணி துளைக்கும் இடத்தில் தடிமன் மாறிக்கொண்டிருக்கக் கூடாது. பாதத்தில் பாதி 30 மி.மீ., அதோடு 5 மி.மீ. இடைவெளி. ஆக ரிப் மையத்திலிருந்து 35 மி.மீ. தள்ளிச் சரிவு தொடங்கி 67 மி.மீ.-இல் முடியும். ஸ்ட்ரிங்கரில் 30 மி.மீ.-இல் தொடங்கி 46 மி.மீ.-இல் முடியும். சரிவு எப்போதும் மெல்லிய செல்லின் பக்கம்தான் இறங்க வேண்டும். தடித்த செல் தன் முழு லேமினேட்டையும் பாதத்தின் அடியில் வைத்திருக்க வேண்டும்.

இதிலிருந்து செல்லுக்குக் குறைந்தபட்ச அகலம் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் ரிப் சரிவு வந்தால் 67 + 67 = 134 மி.மீ. சரிவுக்கும் பாதத்துக்குமே போய்விடும். 300 மி.மீ. செல்லில் 166 மி.மீ. தட்டையாக மிஞ்சும்; நல்லது. அழுத்தக் குழு 150 மி.மீ. அகலத்தில் ஒரு துணைச்செல் கேட்டால் 16 மி.மீ. தான் மிஞ்சும். காகிதத்தில் அது தனிச்செல். உண்மையில் இரண்டு சரிவுகளுக்கு இடையில் ஒரு கீற்று. அந்தச் செல்லைப் பக்கத்துச் செல்லோடு சேர்க்கச் சொல்லி இப்போதே பேசிவிடுங்கள். கிரிட் கட்டிய பிறகு பேசினால் வேலை இரட்டிப்பாகும்.

5. குறிப்புக் கோடுகளை உருவாக்குதல்

ரிப்பின் மையத் தளத்தையும் அடிப் பரப்பையும் வெட்டிக் கோட்டைப் பெறுங்கள். ரிப் மாதிரியிலிருந்து தளத்தை இணைப்போடு கொண்டுவாருங்கள், நகலாக அல்ல. நகலெடுத்தால் ரிப் நகரும்போது உங்கள் கோடு அங்கேயே நிற்கும், கிரிட் முறையை எடுத்துக்கொண்ட நோக்கமே போய்விடும்.

ரிப்கள் ஒரு தொகுதி, ஸ்ட்ரிங்கர்கள் இன்னொரு தொகுதி. இரண்டையும் ஒரே பையில் போட்டால் திசைக்கேற்ற படி அகலத்தை ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரிவு தொடங்கும் கோட்டைக் குறிப்புக் கோட்டிலிருந்து பரப்பின்மீதே அளந்து இணைகோடாகப் போடுங்கள். தளத்தை 35 மி.மீ. தள்ளி மறுபடி வெட்டுவது எளிதாகத் தெரியும். பரப்பு சாய்ந்திருக்கும் இடத்தில் அது பொய்த்துவிடும்: 30 பாகைச் சாய்வில் தளத்தை 35 மி.மீ. நகர்த்தினால் பரப்பின்மேல் 40.4 மி.மீ. ஆகும். படிகளுக்கும் இதே கதி, 4 மி.மீ. என்று நினைத்தது 4.6 ஆகும்.

ஒவ்வொரு கோடும் பலகை எல்லையைத் தாண்டி 5 முதல் 10 மி.மீ. வரையாவது நீள வேண்டும். எல்லையில் சரியாக முடியும் கோடு, எண் துல்லியத்தில் ஒரு மயிரிழை குறைந்துபோகும், செல் மூடாது. ‘செல் கிடைக்கவில்லை’ என்ற பிழைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பலகையின் நடுவிலேயே முடிந்துவிடும் ஸ்ட்ரிங்கர் உண்டு. அதன் கோட்டை ஸ்ட்ரிங்கர் முடியும் இடத்தில் அந்தரத்தில் விடாதீர்கள். அடுத்த ரிப் கோடு வரை நீட்டி அதைத் தாண்டச் செய்யுங்கள். மிஞ்சும் துண்டின் இருபக்கமும் ஒரே லேமினேட் கொடுத்தால் அங்கே சரிவு உருவாகாது. கோடு இருப்பதால் செலவு எதுவுமில்லை. தொங்கலாக விட்டால்தான் செலவு.

தேவையற்ற கோடுகளை மட்டும் சேர்க்காதீர்கள். தடிமனோ அடுக்கு வரிசையோ மாறாத இடத்தில் ‘பின்னால் உதவும்’ என்று கோடு போடுவது, பெயரிட வேண்டிய செல்லையும் சரிபார்க்க வேண்டிய மூலையையும் கூட்டுவதைத் தவிர ஒன்றும் தராது.

6. பலகையைப் பிரித்தல்

எல்லை வளைவு, அடிப் பரப்பு, ரோசெட், இரண்டு கோட்டுத் தொகுதிகள் ஆகியவற்றைக் கிரிட் பலகைக்குக் கொடுத்துச் செல்களை உருவாக்கச் சொல்லுங்கள். நமக்கு 4 × 3 = 12 செல்கள் வரவேண்டும். 11 வந்தால் ஏதோ ஒரு கோடு எல்லையை எட்டவில்லை. 13 வந்தால் எங்கோ ஒரு கீற்றுச் செல் ஒளிந்திருக்கிறது. செல்களைப் பரப்பளவுப்படி வரிசைப்படுத்தினால் தலைநீட்டும்.

அடிப் பரப்பை உண்மையாகவே 12 துண்டுகளாக வெட்டாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். வெட்டிவிட்டால், நான்கைந்து செல்களைக் கடந்து ஓட வேண்டிய பிளைக்குக் கீழே தொடர்ச்சியான பரப்பு இருக்காது. ஒவ்வொரு இணைப்பிலும் இழை திசை புதிதாகக் கணக்கிடப்படும், விரிப்பு வரைபடமும் (பிளையைத் தட்டையாக விரித்த வெட்டு வடிவம்) துண்டு துண்டாக வரும். செல் என்பது ஒரே பரப்பின்மேல் கோடுகளால் வகுத்த பகுதி மட்டுமே. வலைப்பின்னல் கணக்குக்காக வெட்டிய பரப்புதான் வேண்டும் என்று கேட்டால், நகலை வெட்டிக் கொடுங்கள்.

குழாய் போல மூடிய பரப்பில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரப்பின் தையல் கோடு (பரப்பு சுற்றிவந்து தன்னோடு சேரும் கோடு) செல்லின் நடுவே ஓடினால் செல் எல்லை குழம்பும். தையலைக் குறிப்புக் கோடு ஒன்றின்மேல் வரும்படி நகர்த்திவிடுங்கள்.

7. பெயரிடுதல்

மென்பொருள் செல்களுக்குத் தொடர் எண் போடும். அதை வைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் ஒரு ரிப் சேர்ந்தால் எண்கள் எல்லாம் நகர்ந்து, அட்டவணையிலுள்ள லேமினேட் தவறான செல்லில் போய் உட்காரும். ‘ரிப்1-ரிப்2, ஸ்ட்1-ஸ்ட்2’ என்று கட்டமைப்பிலிருந்து பெயர் கொடுங்கள். அழுத்தக் குழுவின் பகுதிப் பெயர்களோடு பொருத்தும்போது செல்லின் மையப் புள்ளி ஆயத்தொலைவையும் ஒப்பிடுங்கள். பெயர் ஒத்துப்போய் இடம் ஒத்துப்போகாத நிலை, இடவலம் கண்ணாடி பிம்பமாக இருக்கும் பாகங்களில் அடிக்கடி நேர்கிறது.

8. லேமினேட்டுகளும் அடுக்கு வரிசையும்

முதலில் எண்ணிக்கை. 24 பிளைக்கு: 0 பாகையில் 8, +45-இல் 6, −45-இல் 6, 90-இல் 4. 16 பிளைக்கு: 6, 4, 4, 2. இரண்டிலும் எல்லா எண்ணும் இரட்டை, எனவே சமச்சீர் கிடைக்கும். +45-உம் −45-உம் சமம். மிகக் குறைவான திசையான 90, 16-இல் 2, அதாவது 12.5 சதவீதம், ஒவ்வொரு திசையிலும் குறைந்தது 10 சதவீதம் என்ற வழக்கமான விதிக்கு மேலேதான் இருக்கிறது.

பிறகு வரிசை. தடித்த லேமினேட்டின் பாதி அடுக்கு, அச்சிலிருந்து எண்ணினால்: 45, −45, 0, 90, 0, 45, −45, 0, 45, −45, 0, 90. மறுபாதி இதன் பிம்பம்.

மெல்லிய லேமினேட்டைத் தனியாக யோசித்து எழுதக் கூடாது. தடித்ததிலிருந்து பிளைகளை நீக்கியே அதைப் பெற வேண்டும். தனியாக எழுதினால் இரண்டு செல்களுக்கும் பொதுவான வரிசை கிடைக்காது. மென்பொருள் கோட்டின் ஒரு பக்கம் ஒரு பிளையை நிறுத்தி மறுபக்கம் அதே கோணத்தில் வேறொன்றைத் தொடங்கும். தொடர்ந்து ஓட வேண்டிய இழை ரிப்பின் அருகே அறுந்து நிற்கும்.

மேலே உள்ள பாதியில் 4 (90), 7 (−45), 9 (45), 11 (0) ஆகியவற்றை நீக்குங்கள். மிஞ்சுவது 45, −45, 0, 0, 45, 0, −45, 90. நீக்கியவற்றில் எந்த இரண்டும் அடுத்தடுத்து இல்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் தொடர்ந்து ஓடும் பிளை குறைந்தது ஒன்று இருக்கிறது. முடியும் பிளையின் நுனியில் பிசின் குழி உண்டாகும். இரண்டு நுனிகள் ஒட்டியிருந்தால் பிளவு தொடங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. வெளிப் பிளைகளான 1, 2 இரண்டும் பலகை முழுக்க ஓடி மற்ற நுனிகளை மூடுகின்றன. பிம்பப் பாதியில் நீங்குபவை 14, 16, 18, 21.

9. படிகளை ஒதுக்குதல், மூலைகளைச் சரிசெய்தல்

எட்டுப் பிளைகளும் எந்த வரிசையில் முடிய வேண்டும்? சமச்சீர் இணையை அடுத்தடுத்த படிகளில் வையுங்கள்: 11, 14, பிறகு 4, 21, பிறகு 7, 18, கடைசியாக 9, 16. சமச்சீர் கெடுவது ஒரே ஒரு பிளை அளவுக்கு, 4 மி.மீ. நீளத்துக்கு மட்டுமே. 7, 18-ஐ அடுத்து 9, 16 வருவதால் 45-களின் சமநிலையும் சீக்கிரம் திரும்பிவிடுகிறது.

கிரிட்டில் அதிக நேரம் தின்னும் சிக்கல் இதற்கு அடுத்தது. கீழ்வரிசையில் ரிப் 1-க்கும் ரிப் 2-க்கும் இடையிலான செல்லை 20 பிளையாக மாற்றுகிறார்கள் என்று கொள்வோம். 24-இலிருந்து 7, 18, 9, 16 நீங்கியது அது. அப்படியானால் ரிப் 1 கோட்டில் நடுவரிசையில் எட்டுப் பிளைகள் முடிகின்றன. கீழ்வரிசையில் 11, 14, 4, 21 நான்கு மட்டும்.

மேலே சொன்ன ஒதுக்கீட்டில் பிளை 11 இரண்டு வரிசைகளிலும் முதல் படி. விளிம்பு நேராக ஓடும். வேறு யாராவது 7, 18, 9, 16-ஐ முதல் நான்கு படிகளில் வைத்திருந்தால்? நடுவரிசையில் பிளை 11 ஐந்தாம் படி, 20 மி.மீ. கீழ்வரிசையில் மென்பொருள் அதை முதல் படியாக எண்ணும், 4 மி.மீ. ஸ்ட்ரிங்கர் அருகே அந்த விளிம்பு 16 மி.மீ. உடைந்து திரும்பும். 14, 4, 21 மூன்றும் அதேபோல. நான்கு பிளைகளும் ஒரே இடத்தில் படிக்கட்டாக உடைய, வெட்டுவதும் கடினம், தடிமனும் அங்கே விதியை மீறும்.

மாற்று எளிது: ஒரு குறிப்புக் கோட்டில் ஒரு பிளைக்கு ஒரே படி, கோடு முழுக்க. அதிக வரிசைகளில் முடியும் பிளைகளுக்கு முதல் படிகள். ஒரு வரிசையில் ஏதேனும் பிளை இல்லையென்றால் அதன் படி காலியாகவே இருக்கட்டும். அங்கே சரிவு விதியைவிட மெதுவாக இறங்கும், தீங்கில்லை. தானியங்கி ஒதுக்கீட்டை நம்பி விட்டால் மென்பொருள் எடை குறைக்கக் காலிப் படிகளை மூடிவிடும். எனவே ஒதுக்கீட்டைக் கையால் பூட்டுங்கள்.

நான்கு செல்கள் சந்திக்கும் மூலைகளைத் திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். தானியங்கி இழை இடும் இயந்திரம் என்றால் ±45 பிளைகளின் மூலைகளில் மிகக் குட்டையான பட்டைகள் வரும். இயந்திரத்தால் இட முடிந்த குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்று கேட்டு, அதற்கும் குட்டையானவை வந்தால் மூலையைச் சாய்வாக வெட்டியோ விளிம்பை வெளியே நீட்டியோ சரிசெய்யுங்கள்.

10. பிளைகளை உருவாக்கிச் சரிபார்த்தல்

இப்போதுதான் பிளைகளை உருவாக்கும் கட்டளை. வந்ததும் மூன்று சோதனைகள்.

ஒவ்வொரு செல்லின் மையத்திலும் ஒரு புள்ளி வைத்து, அங்கே உண்மையில் உள்ள பிளைகளைப் பட்டியலிட்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை மட்டுமல்ல, கோணமும் வரிசையும்.

ஒவ்வொரு குறிப்புக் கோட்டுக்கும் செங்குத்தாக ஒரு குறுக்குவெட்டு எடுங்கள். சரிவு மெல்லிய பக்கத்தில் இறங்குகிறதா, பாதத்துக்கு வெளியே தொடங்குகிறதா என்பது அதில் உடனே தெரியும்.

மூன்றாவது எடை. அடர்த்தி கன மீட்டருக்கு 1600 கிலோ என்றால், நம் பலகை செல் கணக்கில் சுமார் 4.0 கிலோ. பிளை கணக்கில் சுமார் 4.2 கிலோ வரவேண்டும். தடித்த பகுதி பாதத்தையும் சரிவையும் கடந்து மெல்லிய செல்களுக்குள் நீள்வதால் அந்த 0.2 கிலோ கூடுகிறது. இரண்டும் ஒன்றாகவே வந்தால் மகிழ வேண்டாம்: பாத இடைவெளியும் சரிவும் உருவாகவே இல்லை, எல்லாப் பிளைகளும் ரிப் மையத்திலேயே வெட்டி நிற்கின்றன என்று அர்த்தம். எடைக் குழுவுக்குச் செல் கணக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பதும் இதனால்தான்.

11. மாற்றம் வரும்போது

பிளை விளிம்பை நேரடியாகத் தொட்டுத் திருத்தாதீர்கள். அடுத்த முறை கிரிட்டிலிருந்து புதுப்பித்ததும் கைத்திருத்தம் அழிந்துபோகும், அல்லது அந்தப் பிளை கிரிட்டோடு உறவறுந்து தனியாக நிற்கும். கோடு, லேமினேட், படி ஒதுக்கீடு இந்த மூன்றில் ஒன்றை மாற்றி மறுபடி உருவாக்குங்கள்.

கைத்திருத்தம் தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு: துளையைச் சுற்றிய வலுவூட்டல், உள்ளூர் ஒட்டுப் பிளைகள். அவற்றைக் கிரிட்டுக்குள் செல்லாகத் திணிக்க வேண்டாம். தனிப் பிளைத் தொகுதியாக வைத்து, அடுக்கு வரிசையில் எந்தப் பிளைகளுக்கு நடுவே நுழைகின்றன என்பதை மட்டும் குறித்துவிடுங்கள். கிரிட்டை எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்தத் தொகுதி அழியாமல் இருக்கும். ஆனால் மேலே கீழே உள்ள பிளைகளின் எண் மாறியிருக்கலாம், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.